இடுப்பு லைட்டு

அப்படியே நில்லு எய்லு, அசையாத, என்று லைட்டு வைக்கிற ஜெரால்டு அண்ணன் மேடைக்கு எதிரே இருட்டில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். நான் அசையாமல்தான் நிற்கிறேன், ஊர் எல்லையில் அய்யனாரின் மண்குதிரை நிற்குமே அதுமாதிரி நிற்கிறேன், அசைய வேண்டியது நான் இல்லை. நீ அசை. ஒரு தரம் அசைந்துவிடு கண்ணு, அப்புறம் தூங்கிக்கொள், நான் கேட்கவே மாட்டேன். நேற்று சாயங்காலம் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது விலாவுக்குக் கீழே ஒரு உதை விட்டாயே, பாமாயில் பாக்கெட் கையிலிருந்து நழுவப் பார்த்தது, முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்து பையனா என்றாள், உதைக்கிற பொண்ணும் உண்டும்மா என்று நான் சொன்னேன், அந்த உதைதான் கடைசியாக நிச்சயமாகத் தெரிந்தது. அதற்கப்புறம் ராத்திரி நீ புரண்டாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது, துணி துவைத்த அசதியில் படுத்ததும் தூங்கிப் போனேன், எந்த அம்மா அப்படித் தூங்குவாள், எல்லா அம்மாவும் தூங்குவாள், துவைத்துப் பார்த்தால் தெரியும். காலையில் மாவு கரைக்கும்போது ஏதோ குறுகுறுவென்று ஓடியது, அது நீயா, வெறும் வாயுவா, நீதான் என்று பஸ்ஸில் வரும்போது சொல்லிக்கொண்டேன், பஸ்ஸை விட்டு இறங்கும்போது இல்லை என்று தெரிந்துவிட்டது. உன் அண்ணன் கபிலன் தினமும் பால்வாடிக்குக் கிளம்பும்போது என் வயிற்றைத் தட்டி, பாப்பா கதவத் தொற, என்பான், நீ உள்ளேயிருந்து ஒரு இடி இடிப்பாய், அவன் சிரித்துக்கொண்டே ஓடுவான். இன்றைக்குத் தட்டினான், காதை வைத்துப் பார்த்தான், கொஞ்சம் பலமாகத் தட்டினான், பாப்பா வீட்ல இல்லம்மா, என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான்கு வயசுப் பிள்ளை சொல்வதெல்லாம் ஒரு சொல்லா. பாப்பா வீட்ல இல்லம்மா. வீட்டில் இல்லாமல் வேறு எங்கே போவாய் நீ, போவதற்கு உனக்கு வேறு இடம் ஏது.

தலை லைட்ட வுட்டு வெளில போற எய்லு, முன்னால வா, என்கிறார் அண்ணன். முன்னால் வருகிறேன். மேடையின் ரெண்டு ஓரத்திலும் கறுப்புத் திரைகளுக்கு நடுவே இரும்புக் கம்பங்கள் நிற்கின்றன, கம்பத்துக்கு மூன்று விளக்கு, அடியில் இருப்பது கால் லைட்டு, நடுவில் இடுப்பு லைட்டு, உச்சியில் தலை லைட்டு, இதெல்லாம் அண்ணன் வைத்த பேர். மத்தியானத்தில் வந்து இதையெல்லாம் மாட்டி, ஒயரைத் தரையோடு ஒட்டி, கலர் பேப்பர் சொருகி வைப்பது என் வேலை. அதற்கப்புறம் சாயங்காலம் ஆடப் போகிறவர் எங்கெங்கே நிற்பாரோ அங்கெல்லாம் போய் நான் நிற்க வேண்டும், அண்ணன் என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் விளக்கைத் திருப்பச் சொல்வார். காலி எடத்துக்கு லைட்டு வெக்க முடியாது எய்லு, எது மேலயாவது வுழுந்தாத்தான் அது லைட்டு, என்பார். இந்த அரங்கத்தைப் பெருக்கத்தான் நான் வேலைக்கு வந்தேன், ஒருநாள், யம்மா, அந்தத் தொடப்பத்தை ஓரமா வச்சுட்டு இங்க வந்து நில்லு என்று கூப்பிட்டார், டான்ஸ் மேடத்தின் உயரமும் என் உயரமும் ஒன்றாக இருந்துவிட்டது, அன்றைக்குப் பிடித்து நிற்கிறேன். முன்னாலிருந்து அடிக்கிற லைட்டு மூஞ்சியைக் காட்டும், ஓரத்திலிருந்து வருகிற லைட்டுதான் உடம்பைக் காட்டும், முதுகு எங்கே வளைகிறது, வயிறு எங்கே உள்ளே போகிறது, முழங்கால் எவ்வளவு மடிகிறது எல்லாம் அதில்தான் தெரியும், தரையில் வெளிச்சம் விழாது, அதனால் ஆடுகிறவர் காற்றில் நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கு இப்போது தரையும் தெரியவில்லை, என் காலும் எனக்குத் தெரியவில்லை, ஏழாம் மாசத்திலிருந்தே காலைப் பார்க்கவில்லை. இன்னும் பின்னாலயே சாயற எய்லு, நீ சாயற மாதிரி லைட்டு வச்சேன்னா மேடம் வந்து நிமுந்து நிக்கும்போது மூஞ்சி இருட்டாய்டும், என்கிறார். முன்னாடி மூட்டையைக் கட்டிவுட்டா பின்னாடி சாயாம எப்படிண்ணே நிக்கிறது, வேணும்னா மேடத்தையும் ஒரு மூட்டை கட்டிக்கிட்டு ஆடச் சொல்லுங்க, என்கிறேன், இருட்டுக்குள் அவர் சிரிக்கிறார், இருமிக்கொண்டே சிரிக்கிறார். என் வாய் பாட்டுக்குப் பேசுகிறது. எங்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான், சாவு வீட்டில்கூட யாரையாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்து வருவோம், சாவு வீடு என்று ஏன் நினைத்தேன், நினைக்கவில்லை, அதை நினைக்கவில்லை, மூட்டை என்றும் சொன்னேனே, மூட்டை என்றா சொல்வது, மூட்டை அசையுமா.

உன்னை எழுப்பச் சர்க்கரைத் தண்ணீர் குடித்தாயிற்று. கேன்டீனில் வாங்கிக் குடித்தேன், ரெண்டு டம்ளர். இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாயிற்று, உடுப்பு மாற்றுகிற அறையில் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு. தட்டிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன், பாடிப் பார்த்தேன், எனக்குப் பாட வராது, கபிலன் பால்வாடியில் கற்றுக்கொண்டு வந்த அணில் பாட்டைத்தான் பாடினேன். வளையலை வயிற்றுப் பக்கம் வைத்துக் குலுக்கினேன். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல் ரெண்டு கையிலும் முழங்கைக்குப் பாதி வரைக்கும் இருக்கிறது, இந்தச் சத்தம் உள்ளே கேட்கும் என்றுதானே போடுகிறார்கள், பச்சையும் சிவப்புமாக, நான் கையைத் தூக்கினால் ஓரத்து வெளிச்சம் பட்டு எதிர்த் திரையில் பச்சையும் சிவப்புமாகப் பொட்டு பொட்டாக ஓடுகிறது, அதைப் பார்த்துவிட்டு, இன்னா எய்லு மாரியம்மன் திருவிழாவா, என்றார் அண்ணன். பிள்ளை பிறந்த பிற்பாடுதான் இதைக் கழற்றுவார்கள், கழற்றிப் பிரசவம் பார்த்த நர்சம்மாவுக்குக் கொடுப்பார்கள். எங்கள் ஊர் செல்வி அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது கையில் அத்தனை வளையலும் அப்படியே இருந்தது. பிள்ளை இல்லை, வளையல் இருந்தது. கழற்று என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அதை யார் வாங்கிக்கொள்வார்கள், அவள் பம்புசெட்டில் துணி அலசும்போதெல்லாம் அது சலசலவென்று கேட்டுக்கொண்டே இருக்கும், தண்ணீருக்குப் போகிற பெண்கள் எல்லோரும் வேறு எதையாவது சத்தமாகப் பேசுவார்கள், கடைசியில் ஒவ்வொன்றாக அதுவே உடைந்து தீர்ந்தது. செல்வி அக்காவை நான் ஏன் இப்போது நினைக்கிறேன். அவளுக்கு வேறு, எனக்கு வேறு. அவள் ரத்தம் குறைவான உடம்பு, நான் கல் மாதிரி இருக்கிறேன் என்று போன மாசம்கூடச் சொன்னார்கள். கல் என்றும் சொல்லக்கூடாது.

போன மாசம்தான் இந்தக் கூத்தை ஒரு தரம் நடத்தி முடித்தோமே. இதே மாதிரி ஒருநாள் நீ சத்தமே காட்டவில்லை, நான் அழுதுகொண்டு ஆட்டோ பிடித்து ஓடினேன், போட்ட செருப்பு ஒன்று என்னுது ஒன்று உன் அப்பாவுது, நர்சம்மா என்னைப் படுக்க வைத்து வயிற்றில் கையை வைத்தாளோ இல்லையோ நீ அவள் கையிலேயே ஒரு உதை விட்டாய், அந்த அறையே சிரித்தது. காலைல என்னம்மா சாப்ட, ஒண்ணும் சாப்டல, அப்ப அது மட்டும் எந்திரிச்சு டான்ஸ் ஆடணுமா, போ போய் ரெண்டு இட்லி சாப்டு, இதுக்கெல்லாம் ஓடி வந்தா நாங்க வேல பாக்கவா வேணாமா, என்றாள். நான் வெளியே வந்து சிரித்தேன், தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன், பக்கத்து வீட்டு ஷமீம் அக்காவிடம் செருப்பைக் காட்டிச் சிரித்தேன், இங்கே வந்து அண்ணனிடம் நர்சம்மா மாதிரியே பேசிக் காட்டினேன், அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதனால் இன்றைக்கு யாரிடம் சொல்வது. சொன்னால், மறுபடி செருப்பு மாத்திக்கிட்டியா எய்லு, என்பார். அப்படிக் கேட்டால் நானும் சிரித்துவிடுவேன். உன் அப்பாவுக்குப் போன் பண்ணினேன், பகல் ஷிப்ட், கம்பெனி வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள், மணி அடித்துக்கொண்டே இருந்தது, பெட்டிக்குள் கிடந்து அடித்திருக்கும், யாரும் எடுக்காமல், உள்ளே. ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை. சிக்னலைத் தாண்டி வலது பக்கம். போனால் அந்தக் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைப்பார்கள், டப் டப் டப் என்று கேட்கும், கேட்டால் சரி. கேட்காவிட்டால் கருவியைக் கொஞ்சம் நகர்த்துவார்கள். இன்னும் கொஞ்சம் நகர்த்துவார்கள். அப்புறம் நர்சம்மா என் மூஞ்சியைப் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிடப் போவாள். இங்கே நிற்கிற வரைக்கும் அது நடக்கவில்லை. போனால்தான் தெரியும், போகாத வரைக்கும் நீ தூங்குகிறாய், தூங்குகிற பிள்ளை நீ, உன் அப்பா மாதிரி இடி விழுந்தாலும் தூங்குவாய். இந்தக் கடைசி ரெண்டு கம்பத்தையும் முடித்துவிட்டுப் போகிறேன். மேடம் வந்ததும் போகிறேன். மேடம் ஒரு தரம் ஆடிப் பார்த்ததும் போகிறேன். இப்படியே மத்தியானம் பூராவும் போகிறேன் போகிறேன் என்று ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

மேடம் வந்துவிட்டார். நிரஞ்சனா மேடம், பழைய காட்டன் புடவையைக் குறுக்கே கட்டிக்கொண்டு கையில் சலங்கையோடு. என்னைப் பார்த்ததும், எழில், நீங்க இன்னும் நின்னுட்டா இருக்கீங்க, கால் வீங்கிடும்ப்பா, போய் உக்காருங்க, என்கிறார், நல்ல பெண். என் வயிற்றைப் பார்த்துச் சிரிக்கிறார், என்ன சொல்றார் சார், என்கிறார். சார் ரொம்ப பிஸி மேடம், யாரையும் பாக்க மாட்டேங்கிறாரு, என்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே சலங்கை கட்டக் குனிகிறார். சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, வந்ததை அப்படியே மடக்கிச் சிரிப்பாக்கிவிட்டேன், என்ன வாய் இது. நான் ஓரத்துக்கு வந்துவிடுகிறேன், ரெண்டு கறுப்புத் திரைக்கு நடுவே இரண்டாவது கம்பத்துக்குப் பக்கத்தில், இது என் இடம். இந்த அரங்கத்தில் எல்லாம் பழைய பல்பு, பக்கத்தில் போனால் அடுப்பு மாதிரி சூடடிக்கும், கண்ணை மூடிக்கொண்டே வெளிச்சத்தின் நடு எங்கே என்று கன்னத்தால் சொல்லிவிடுவேன். இடுப்பு லைட்டு சரியாக என் வயிற்றுக்கு நேரே இருக்கிறது. மாசமான பெண்களுக்குக் கூட்டம் போட்டபோது ஒரு அம்மா சொன்னார், இந்த மாசத்தில் உள்ளே இருக்கிற பிள்ளைக்கு வெளிச்சம் தெரியுமாம், டார்ச்சின் மேல் உள்ளங்கையை வைத்தால் சிவப்பாகத் தெரியுமே அப்படித் தெரியுமாம், சில பிள்ளைகள் திரும்பிப் பார்க்குமாம். நான் விளக்குக்கு முன்னால் போய் நிற்கிறேன். புடவையை ஒதுக்கிவிட்டு நிற்கிறேன். சுடுகிறது, சுட்டால் சுடட்டும். பார், கண்ணு, இங்கே பார். அம்மாவின் வேலை இதுதான், இந்த வெளிச்சம்தான், ஊரில் இருக்கிற மேடம்களுக்கெல்லாம் வைக்கிறேன், உனக்கு வைக்கிறேன், கண் கூசினால் மூஞ்சியையாவது திருப்பேன். எய்லு, ரெண்டாவது கம்பத்துல இடுப்பு லைட்டு இன்னாச்சு, என்று அண்ணன் கத்துகிறார், பீஸ் போச்சா, மேடத்துக்கு இடுப்பையே காணோம். இருக்கறவங்ககிட்ட கொஞ்சம் வாங்கிக்கச் சொல்லுங்கண்ணே, என்று கத்திவிட்டு நகர்கிறேன், மேடம் சிரிக்கிறார், அண்ணன் சிரிக்கிறார், வெளிச்சம் என்னைத் தாண்டிப் போய் மேடத்தின் இடுப்பில் விழுகிறது, எவ்வளவு அழகாக விழுகிறது, பானையில் சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி. எனக்குள் ஒன்றும் திரும்பவில்லை.

பாட்டு போடுகிறார்கள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்கிறேன், பலகைத் தரை, கால் லைட்டுக்குப் பின்னால் சம்மணம் போட்டு, முதுகைக் கம்பத்தில் சாய்த்து. கால் லைட்டு மட்டும் முதலில். மேடத்தின் ரெண்டு பாதமும் மட்டும் தெரிகிறது, மருதாணி வைத்த விளிம்பு, சலங்கை, மேலே ஆளே இல்லை, வெறும் கால். தகதிமி என்று சொல்லுக்கட்டு ஆரம்பித்ததும் கால் இறங்குகிறது. நான் வயிற்றில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். தட். அசைந்தது. கடவுளே. அசைந்ததா, கை அழுத்தமா, இல்லை, இதோ, தட் தட், அடிவயிற்றில், நன்றாகத் தெரிகிறது, இதோ, இதோ, டேய், வந்துட்டியாடா, எங்கடா போன, என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன், பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, கண்ணீர் பாட்டுக்கு ஓடுகிறது, சிரிப்பும் வருகிறது, மூக்கு ஒழுகுகிறது, முந்தானையை எடுத்துத் துடைக்கிறேன், ஒரு கையால்தான், இன்னொரு கையை எடுக்க மாட்டேன். எவ்வளவு பயமுறுத்திவிட்டாய், வெளியே வா உனக்கு இருக்கிறது. ராத்திரி கபிலனிடம் சொல்ல வேண்டும், பாப்பா வீட்டில்தான் இருந்துச்சு, கதவு தாப்பாள் போட்டிருந்துச்சு. போகிற வழியில் பிரியாணி வாங்கிக்கொண்டு போகலாம், ஷமீம் அக்காவுக்கும் ஒன்று. அண்ணனிடம் இதை எப்படிச் சொல்லிக் காட்டலாம், சர்க்கரைத் தண்ணி ரெண்டு டம்ளர், அணில் பாட்டு, எதுக்கும் மசியலண்ணே, ஜதி போட்டதும் எந்திரிச்சான் பாருங்க. தட் தட், தட், தட் தட். உதை, இன்னும் உதை, விலாவை உடைத்தாலும் சரி. ஜெரால்ட் சார், ஒரு நிமிஷம், என்று மேடம் நிற்கிறார், பாட்டு நிற்கிறது, இந்த எடத்துல எனக்குக் கால் சரியாத் தெரியுதா, என்று கேட்கிறார். ஷோக்கா தெரியுது மேடம், என்கிறார் அண்ணன். நீயும் நின்றுவிட்டாய். மூச்சு வாங்குகிறாய். நான் காத்திருக்கிறேன். சலங்கையைச் சரிபண்ணிக்கொண்டு மேடம் மறுபடி தொடங்குகிறார். தட் தட், தட். அவர் வலது காலைத் தட்டினால் ஒன்று. வேகம் ஏறினால் நீயும் வேகம் ஏறுகிறாய். அவர் காலைத் தூக்கி அப்படியே நிறுத்தினால் நீயும் நிறுத்துகிறாய். முதுகில் சாய்ந்திருக்கிற கம்பமும் அதே மாதிரி அதிர்கிறது. உட்கார்ந்திருக்கிற பலகையும் அதிர்கிறது. எந்தப் பிள்ளை தாளம் தப்பாமல் உதைக்கும்.

கையை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம். மேடம் ஆடுகிற வரைக்கும் நீ உதைக்கிறாய், அவர் ஆடிக்கொண்டே இருக்கட்டும், சாயங்காலம் வரைக்கும் ஆடட்டும், சபை கூடட்டும், இந்தப் பலகை நிற்காமல் அதிரட்டும், நான் இங்கேயே இருந்துவிடுகிறேன், ஒருத்தரும் என்னைக் கூப்பிட வேண்டாம். தட் தட் தட். நன்றாகத்தான் இருக்கிறது. உயிருள்ள மாதிரியேதான் இருக்கிறது. செல்வி அக்காவும் இப்படித்தான் பம்புசெட் திட்டில் உட்கார்ந்துகொண்டே இருப்பாள், மோட்டார் ஓடுகிற வரைக்கும், ஏன்க்கா வெயில்ல உக்காந்திருக்க என்று நான் கேட்டிருக்கிறேன், சின்னப் பெண் நான், அவள் ரெண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டிருப்பாள், திட்டு அதிரும். இல்லை. கம்பத்தைப் பிடித்து எழுகிறேன். முழங்கால் பிடித்துக்கொள்கிறது, வளையல் இரும்பில் உரசி ஒன்று உடைகிறது, ஒரு பச்சைத் துண்டு கால் லைட்டு வெளிச்சத்தில் கிடக்கிறது, மேடம் வெறும் காலோடு ஆடுகிறார், குத்திவிடும், குனிந்து எடுக்கப் பார்க்கிறேன், குனிய முடியவில்லை, காலால் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டு வெளிச்சத்துக்குள் நடக்கிறேன். ஓர வெளிச்சம் கண்ணில் அறைகிறது, ரெண்டு பக்கமும். மேடம் ஆட்டத்தின் நடுவில் என்னைப் பார்த்துக் கையைத் தொங்கவிட்டுவிட்டார். பாட்டு நிற்கிறது. இன்னா எய்லு, எந்த லைட்டு, என்கிறார் அண்ணன். எந்த லைட்டும் இல்லண்ணே. என் குரல்தான், ஆனால் அதில் சிரிப்பு இல்லை, அது எனக்கே புதுசாக இருக்கிறது. ஒரு ஆட்டோ சொல்லுங்கண்ணே, ஆஸ்பத்திரிக்கு. புள்ள அசையல. நேத்துலேருந்து அசையல. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்கிறது, மேடம் என் கையைப் பிடிக்க ஓடி வருகிறார், பலகை அதிர்கிறது, வேணாம் மேடம், வராதீங்க, அங்கயே நில்லுங்க, ஒரே ஒரு நிமிஷம், யாரும் அசையாதீங்க, என்கிறேன். மேடம் ஒரு காலை முன்னால் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். அண்ணன் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். நான் வளையல்களை மேலே ஏற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சத்தின் நடுவைக் கன்னத்தால் தேடி, சரியாக அங்கே போய் நிற்கிறேன். சலங்கைச் சத்தம் இல்லை. பலகையில் அதிர்வு இல்லை. எல்லோரும் அசையாமல் நிற்கிறோம். எல்லோரும்.